பழத்தட்டோடு பைலட் எடுத்தோம்

1. மில்லிலிருந்து ஏர்போர்ட்டுக்கு

ஏர்லைன் ஆபீசில் சேர்ந்த அன்றைக்கு என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி, "மேடத்துக்கு ஏவியேஷன்ல எத்தனை வருஷம் எக்ஸ்பீரியன்ஸ்?" என்பது. கேட்டவர் சீஃப் பைலட் கேப்டன் மாத்யூ. பாலக்காட்டுக்காரர். ஏர்ஃபோர்ஸில் இருந்து ரிட்டயர் ஆனவர். மீசையைக்கூட யூனிஃபார்மோடு சேர்த்தே வைத்திருந்தவர். ரெண்டு தடவை விமானத்தில் போயிருக்கிறேன், ரெண்டு தடவையும் ஜன்னல் சீட் கிடைக்கவில்லை என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்கு முன் நான் சூலூர் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் பெர்சனல் ஆபீசர். ஆள் எடுப்பதுதான் என் சோலி. ஹாஸ்டலில் தங்கி வேலை செய்யப் பிள்ளைகளை எடுத்தேன், ஃபிட்டர் எடுத்தேன், மேஸ்திரி எடுத்தேன். அந்த மில் முதலாளி காற்றாலை போட்டார், அது சலித்துப்போய் ஒரு நாள் விமானக் கம்பெனியும் ஆரம்பித்தார். அவரை நாங்கள் எல்லாரும் சேர்மன் என்போம். ஏன் ஆரம்பித்தார் என்பதற்கு ஊருக்குள் பல கதைகள் உண்டு. ஒரு முகூர்த்த நாளில் ஃபிளைட் கேன்சல் ஆகி மும்பையில் மாட்டிக்கொண்டார், அந்தக் கோபம்தான் என்பது நான் நம்பும் கதை. எங்கள் பக்கம் பஸ் நிற்காமல் போன கோபத்தில் பஸ் வாங்கி விட்டவர்கள் இருக்கிறார்கள், ஆகவே நம்புவதில் சிரமமில்லை.

எழுபது பேர் உட்காரும் புரொப்பல்லர் விமானம் மூன்று வந்தது. பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத சின்ன ஊர்களுக்கு அவை போய்வந்தன. சேர்மன் என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

"மெஷினு காசு குடுத்தா வந்துருமுங்க அம்மணி. ஆளு நிக்கோணும். அந்தச் சோலிக்கு உங்கள உட்டா எனக்கு ஆளில்லீங்க" என்றார்.

எனக்கு ஏரோப்ளேன் பற்றி ஒன்றும் தெரியாதே என்றேன். மில்லில் சேர்ந்தபோது ஸ்பிண்டில் என்றால் என்னவென்று தெரியுமா என்று கேட்டார். தெரியாதுதான். பொறகென்னங்க என்று சொல்லிவிட்டு அடுத்த ஃபைலை எடுத்துக்கொண்டார்.

2. தண்ணீர் யார் கொண்டுவருகிறார்கள்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். விமானத்தின் முன்னறையில் ரெண்டு சீட். இடது பக்கம் கேப்டன், தோளில் நாலு கோடு. வலது பக்கம் கோ-பைலட், தோளில் அதற்குக் குறைவு. ரெண்டு பேருக்கும் ஓட்டத் தெரியும், ரெண்டு பேரும் ஓட்டுவார்கள். ஆனால் வலது சீட்டில் இருந்து இடது சீட்டுக்கு நகர்வதுதான் ஒரு பைலட்டின் வாழ்க்கை. கை எட்டும் தூரம்தான். அதைத் தாண்ட முடியாமல் வருஷக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள்.

நாலாவது விமானம் வருகிறது, கேப்டன் பற்றாக்குறை. கோ-பைலட் வேலைக்கு மனு போட்டவர்களை வைத்து இன்னொரு கம்பெனியே நடத்தலாம், கேப்டன்தான் கிடையாது. இருக்கிற கேப்டன்களைக் கொத்திக்கொண்டு போகப் பெரிய கம்பெனிகள் பார்த்துக்கொண்டே இருந்தன. ரெடி ஆளாக எடுங்கள் என்றார் சேர்மன்.

ரெடி ஆள் என்பது மில் பாஷை. டிரெய்னிங் தேவையில்லாத ஆள், திங்கட்கிழமை வந்து மெஷினில் நிற்கிற ஆள். வேறு கம்பெனியில் ஏற்கனவே இடது சீட்டில் இருப்பவரை இங்கே கொண்டுவந்து இடது சீட்டில் உட்காரவைக்க வேண்டும், அவ்வளவுதான். ஓட்டத் தெரியுமா என்று மாத்யூ பார்ப்பார். நிப்பாரா என்று நான் பார்க்க வேண்டும்.

நிப்பாரா என்று பார்ப்பதற்குச் சேர்மனிடம் ஒரு வழி இருந்தது. மில்லில் பொறுப்பான வேலைக்கு ஆள் எடுத்தால், ஆர்டர் கொடுக்கும் முன் அவர் வீட்டுக்குப் போய்வர வேண்டும். வெறுங்கையோடு அல்ல, பழத்தட்டோடு. எங்கள் பக்கம் வீடு பார்க்காமல் பெண்ணும் கொடுப்பதில்லை, ஆளும் எடுப்பதில்லை. சொத்து பத்து பார்க்கச் சொல்ல மாட்டார், சுத்தம் பார்க்கச் சொல்ல மாட்டார். ஒன்றே ஒன்றுதான் பார்க்கச் சொல்வார்.

"ஒறம்பரை வந்தா மொதல்ல தண்ணி குடுப்பாங்கல்லங்க, அத யாரு கொண்டாராங்கன்னு பாருங்க. அவனே எந்திரிச்சுப் போயி கொண்டாந்தா எடுத்துக்கங்க. உக்காந்த எடத்துல இருந்து உள்ளாற சத்தம் போட்டான்னா ரோசிங்க."

சிரிப்பாக இருக்கும். ஆனால் இருபத்திரண்டு வருஷத்தில் இந்தத் தண்ணீர் என்னைப் பெரிதாக ஏமாற்றியதில்லை. உட்கார்ந்த இடத்தில் சத்தம் போட்டவர்களில் பாதிப்பேர், முதல் சண்டையிலேயே டூல் பாக்ஸை வைத்துவிட்டுப் போனவர்கள்.

பைலட்டுக்கும் இதே வழியா என்று கேட்டேன். பைலட் தண்ணி குடிக்க மாட்டாங்களா என்று திருப்பிக் கேட்டார். இதைக் கேப்டன் மாத்யூவிடம் சொன்னேன். அவர் தன் மலையாளத் தமிழில், "மேடம், இது ஏர்லைன் ஆணு. கல்யாண ஆபீஸ் அல்ல" என்றார்.

3. பெங்களூரில் பெண் கேட்டது

முதல் வீடு பெங்களூரில், கேப்டன் ஹரீஷ். பூர்வீகம் கோயமுத்தூர்தான், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். மாத்யூ பரீட்சை வைத்து, சிமுலேட்டரில் உட்காரவைத்து, பிரமாதம் என்று எழுதிக்கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை நானும் டிரைவரும் போய் இறங்கினோம். தட்டில் ஆப்பிள், மாதுளை, ஒரு சீப்பு வாழைப்பழம், பூ, எங்கள் மில் நூலில் நெய்த பெட்ஷீட் செட் ஒன்று.

கதவைத் திறந்த அம்மா தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. கோயமுத்தூரில் இருந்து வருகிறோம் என்று சொன்னதும் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்காரவைத்தார். ஹரீஷ் குளித்துக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில் சின்ன வயசு ஆல்பம் வந்தது, கேசரி வந்தது, ஜாதகம் எடுத்துவர ஆள் உள்ளே போனது. பையனுக்கு முப்பத்தெட்டு ஆகிறது, ஒன்றும் அமையவில்லை, நல்ல இடமாக வந்தால் மற்றதைப் பார்க்க மாட்டோம் என்றார்.

"பொண்ணு என்னங்க படிச்சிருக்குது?" என்றார்.

விமானக் கம்பெனியில் இருந்து வந்திருக்கிறோம் என்று விளக்கினேன். அந்த முகம் வாடியதை இப்போது நினைத்தாலும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. "கம்பெனிக்காரங்களா" என்று மட்டும் சொன்னார். கேசரித் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடவில்லை, அது அவருடைய பண்பு.

ஹரீஷ் வந்தார், சோபாவில் சாய்ந்தார், "அம்மா, வாட்டர்" என்றார். அந்த அம்மா எழுந்து போனார்.

திரும்பி வந்து நடந்ததை நடந்தபடி சேர்மனிடம் சொன்னேன். மில் ஃபிட்டராக இருந்தால் அந்தப் பேச்சு அத்தோடு முடிந்திருக்கும். சேர்மன் ஹரீஷ் பக்கம் பேசினார். ஏரோப்ளேனில் கேப்டனுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கவே தனியாக ஆள் இருக்கிறதல்லவா, அந்தப் பழக்கமாக இருக்கும் என்றார். ஆர்டர் போடச் சொல்லிவிட்டார். நாற்பது வருஷமாக வளையாத விதி, ஆள் கிடைக்காத போது எவ்வளவு லாவகமாக வளைகிறது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

4. குரூப்பில் கொண்டாட்டம்

பைலட்டுகளுக்கு என்று வாட்ஸப்பில் குரூப்புகள் உண்டு. எந்தக் கம்பெனியில் யார் என்ன சம்பளம், எந்த ஹோட்டலில் காபி நன்றாக இருக்கும் என்று எல்லாம் அதில் ஓடும். ஹரீஷ் வீட்டுக்கு நான் போன விஷயம், நான் திரும்பி வருவதற்குள் அதில் வந்துவிட்டது.

எனக்கு அதைக் காட்டியவன் கவின். எங்கள் கோ-பைலட்டுகளில் சீனியர். முதல் விமானம் வந்த அன்றே சேர்ந்தவன். சோமனூரில் அவன் அப்பாவுக்கு விசைத்தறி. வீட்டை ஒட்டியே தறி ஷெட். நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் வளர்ந்ததால் புரொப்பல்லர் சத்தம் எனக்குத் தாலாட்டு மேடம் என்பான். க்ரூ ரூமில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே போனை நீட்டினான்.

பழத்தட்டை ஸ்டிக்கராக ஆக்கியிருந்தார்கள். மேடம் வரும்போது பாட்டுப் பாட வேண்டுமா என்று ஒருவர் கேட்டிருந்தார். சேலையா யூனிஃபார்மா என்று இன்னொருவர். ஒரு மூத்த கேப்டன் மட்டும் ஆங்கிலத்தில் நீளமாக, இது பைலட் சமூகத்துக்கே அவமானம், தனிமனித உரிமையில் தலையீடு, சங்கத்துக்கு எடுத்துப்போக வேண்டும் என்று எழுதியிருந்தார். நிறையப் பேர் கைதட்டியிருந்தார்கள்.

அதே வாரம் எனக்கு வந்த விண்ணப்பங்களில் வீட்டுக்கு வழி காட்டும் மேப் இணைக்கப்பட்டிருந்தது. சனி ஞாயிறு வீட்டில்தான் இருப்போம் என்று சிலர் எழுதியிருந்தார்கள். சங்கத்துக்குப் போக வேண்டும் என்ற மூத்த கேப்டனும் மனு போட்டு, தன் வீட்டில் சைவச் சாப்பாடுதான் கிடைக்கும் என்பதைத் தெரிவித்திருந்தார்.

தண்ணீர் ரகசியமும் எப்படியோ வெளியே போய்விட்டது. கொச்சியில் ஒரு கேப்டன் வீட்டு பெல்லை அடித்தேன். கதவு திறந்தது. கேப்டன் கையில் ஏற்கனவே சொம்பும் டம்ளரும் இருந்தன. உள்ளே போய் உட்காருவதற்குள் ரெண்டு டம்ளர் குடிக்கவைத்துவிட்டார். அவர் மனைவி சமையலறை வாசலில் நின்று, இவருக்கு என்ன ஆயிற்று என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரையும் எடுத்தோம்.

கவின் அந்த ஸ்டிக்கரைக் காட்டிய அன்றைக்கே, என்னிடமிருந்து போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு எழுந்தபோது கேட்டான்.

"எங்க ஊட்டுக்கு எப்பங்க மேடம் வாரீங்க?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டான். நானும் சிரித்துவிட்டு, சேர்மனிடம் கேட்கிறேன் என்றேன். கேட்கவும் செய்தேன்.

"கவினு நம்ம பையனுங்க. அவங்கப்பன் நம்ம மில்லுலதான் நூலு எடுக்கறாரு. அங்க போயி என்னத்தப் பாக்கறது? வெளியாளுங்க ஊட்டப் பாருங்க அம்மணி" என்றார்.

5. ரெடி ஆளின் நோட்டீஸ்

கவினுக்கு வேண்டியிருந்தது இடது சீட். அதற்கான பரீட்சை எல்லாம் எழுதி முடித்துவிட்டான். பறக்க வேண்டிய மணி நேரமும் சேர்ந்துவிட்டது. இனிப் பாக்கி கமாண்ட் டிரெய்னிங் ஒன்றுதான். அதற்கு டிரெய்னிங் கேப்டன் ஒருவர் சில மாதங்கள் அவனோடு பறக்க வேண்டும். எங்களிடம் டிரெய்னிங் கேப்டன் என்று இருந்தது மாத்யூ மட்டும். மாத்யூவால் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்றால், கேப்டன் பற்றாக்குறை, அதனால் அவர் தினமும் லைனில், அதாவது பயணிகள் ஏறும் வழக்கமான ஃபிளைட்டில் ஓட்டிக்கொண்டிருந்தார். கேப்டன் இல்லாததால் கேப்டனை உருவாக்க முடியவில்லை. இதை அவர் என்னிடம் போர்டில் படம் போட்டே விளக்கினார். படம் வட்டமாக வந்தது.

சரி, ரெடி ஆள்தான் வருகிறார்களே என்று இருந்தேன். ஹரீஷும் கொச்சிக்காரரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். எந்தத் திங்கட்கிழமை வருகிறீர்கள் என்று ஹரீஷுக்குப் போன் செய்தேன்.

"நோட்டீஸ் குடுத்துட்டேன் மேடம். ஒன் இயர்" என்றார்.

மில்லில் தீபாவளிக்கு ஊருக்குப் போன பிள்ளை திரும்பி வந்து நின்றால்தான் நிச்சயம். நோட்டீஸ் என்ற சொல்லை நாங்கள் போர்டில் ஒட்டுவதற்கு மட்டுமே பயன்படுத்தினோம். இங்கே கேப்டன் வேலையை விட்டால் ஒரு வருஷம் அதே கம்பெனியில் ஓட்டிக்கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும், கோ-பைலட் என்றால் ஆறு மாதம், விதி அப்படி. மாத்யூவுக்கு இது தெரியும். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். இது ஏவியேஷனில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அல்லவா என்றார். ரெடி ஆள் வர ஒரு வருஷம், இருக்கிற பையனை ரெடி செய்ய ஆறு மாதம்கூட ஆகாது. இந்தக் கணக்கு எங்கள் போர்டு மீட்டிங் எதிலும் வரவில்லை.

இதற்குள் நாலாவது விமானம் வந்திறங்கியது. சேர்மன் பூசணிக்காய் உடைத்தார். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். ஃபயர் வண்டி ரெண்டு பக்கமும் நின்று வரவேற்புக்குத் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தது. ஊர்ப் பெரியவர்கள் ஏறி உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் அதைக் கோயமுத்தூர் ஏர்போர்ட்டின் ஒரு மூலையில் கொண்டுபோய் நிறுத்தினோம். ஓட்ட ஆள் இல்லை.

தினமும் கவின் அதைத் தாண்டித்தான் தன் விமானத்துக்கு நடந்து போவான். புரொப்பல்லர் சுற்றாமல் இருக்கக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார்கள். ஒரு நாள் நானும் கூட நடந்தேன். அவன் அதைப் பார்க்கவே இல்லை, அதுதான் எனக்கு உறைத்தது.

6. சோமனூரில் தறி நின்றது

கவினின் ராஜினாமா மெயிலில் வந்தது. ரெண்டு வரி. நன்றி என்று ஒரு வரி, ஆறு மாத நோட்டீஸ் என்று ஒரு வரி. கேண்டீனுக்குக் கூப்பிட்டு, என்ன கண்ணு இது என்று கேட்டேன்.

வேறு ஒரு கம்பெனியில் இருந்து ரெண்டு பேர் சோமனூர் வீட்டுக்கு வந்தார்களாம், கையில் பழத்தட்டோடு. குரூப்பில் ஓடிய கேலியைப் பார்த்துத்தான் அவர்களுக்கும் அந்த யோசனை போயிருக்க வேண்டும். எங்கள் வழியை எங்களிடமே திருப்பிவிட்டார்கள். அடுத்த பேட்ச்சிலேயே கமாண்ட் டிரெய்னிங் என்று எழுதிக்கொடுத்தார்களாம். சம்பளம் எவ்வளவு கூட என்று கேட்டேன்.

"சம்பளம் பெரிய வித்தியாசம் இல்லீங்க மேடம்" என்றான். டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்: "அப்பா தறிய நிறுத்திப்போட்டு வந்து உக்காந்தாருங்க. எல்லாத் தறியும். என்ற வேலைக்காக ஒருத்தரு ஊடு தேடி வந்தது அதுதானுங்க மொதோ தடவை."

சேர்மனிடம் போய்ச் சொன்னேன். அவர் முகம் அப்படி வெளுத்துப்போனதை நான் மில்லில் தீப்பிடித்த அன்றைக்குக்கூடப் பார்த்ததில்லை. இப்பவே போங்க அம்மணி, தட்டைப் பெருசா எடுத்துக்கங்க என்றார். மாத்யூவை லைனில் இருந்து எடுத்துவிட்டு, அடுத்த மாதமே டிரெய்னிங் ஆரம்பிக்கலாம் என்று சொல்லச் சொன்னார். நீங்களும் வருகிறீர்களா என்று கேட்டேன். தன் காரை எடுத்துப்போகச் சொன்னார்.

சோமனூரில் கார் நின்றதும் தறிச் சத்தம் காதை அடைத்தது. கவினின் அப்பா வாசலுக்கு வந்தார். ஒல்லியான மனிதர், சட்டையில் பஞ்சு. என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு ஷெட்டுக்குள் போனார். தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. அந்த வீதியில் பகலில் அப்படி ஓர் அமைதியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

தண்ணீரைக் கவின்தான் கொண்டுவந்தான். நான் பார்ப்பேன் என்று தெரிந்து கொண்டுவரவில்லை. தறி நிற்கும் முன்பே கொண்டுவந்துவிட்டான்.

வந்த விஷயத்தைச் சொன்னேன். டிரெய்னிங் அடுத்த மாதம், இடது சீட், நாலாவது விமானம், சொந்த ஊரிலேயே பேஸ், டியூட்டி முடிந்தால் வீட்டுக்கு வந்துவிடலாம். சேர்மன் சொல்லி அனுப்பினார் என்றும் சொன்னேன். கவின் முகத்தில் ஓர் ஆசை வந்து போனதை நான் பார்த்தேன். அவனுக்கு இந்த ஊரைவிட்டுப் போக மனமில்லை என்பது எனக்குத் தெரியும். மெதுவாகக் கேட்டான்.

"அடுத்த மாசம் முடியும்னா, போன வருசம் ஏனுங்க மேடம் முடியல?"

படம் போட்டு விளக்க அங்கே போர்டு இல்லை.

அவன் அப்பாதான் பேசினார். குரலில் கோபம் துளியும் இல்லை. கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஊருக்குள்ள கேக்கறாங்க அம்மணி. உன்ற பையன் வலது பக்கம் உக்காந்து என்ன பண்றான், டிரைவருக்குப் பக்கத்துல கிளீனராட்டவான்னு. நானு என்னத்தச் சொல்றது? கம்பெனிக்காரங்க நம்ம ஆளுங்க, பாத்துக்குவாங்கன்னு சொல்லிட்டிருந்தேன். பெங்களூரு போறீங்க, கொச்சி போறீங்கன்னு பையன் சொல்லுவான். சூலூருக்கும் சோமனூருக்கும் நடுவுல அத்தன தூரமுங்களா?"

நான் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"நீங்க வந்தது ரொம்ப சந்தோசமுங்க. ஆனா மொதல்ல வந்தவங்களுக்கு வாக்குக் குடுத்துப்போட்டேனுங்க" என்றார்.

சாப்பிடாமல் விடவில்லை. அரிசிம்பருப்பு சாதம், நெய், அப்பளம், ஒப்புட்டு. நான் கொண்டுபோன தட்டை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்று அவர் தோட்டத்துத் தேங்காய் நாலு வைத்துக் கொடுத்தார். கார் நகரும்போது தறிகள் மறுபடி ஓட ஆரம்பித்தன. அந்தத் தேங்காயைச் சேர்மன் மேஜை மேல் வைத்தேன்.

7. பிறகு

ஆறு மாத நோட்டீஸில் கவின் ஒரு நாள்கூடச் சிக் லீவு போடவில்லை. கடைசி நாள் எல்லாருக்கும் கடலைமிட்டாய் கொடுத்துவிட்டுப் போனான்.

சேர்மன் உடனே ஒரு சர்க்குலர் போட்டார். கம்பெனியில் இருக்கிற பைலட் எல்லார் வீட்டுக்கும் வருஷம் ஒரு தடவை நான் பழத்தட்டோடு போய்வர வேண்டும். குரூப்பில் கேலி செய்த அத்தனை பேரும் தேதி கேட்டு வரிசையில் நின்றார்கள். என் வீட்டுக்கு ஏன் முதலில் வரவில்லை என்று ரெண்டு கோ-பைலட்டுகள் சண்டை போட்டுக்கொண்டார்கள். பாலக்காட்டில் மாத்யூவின் மனைவி தட்டைப் பார்த்துவிட்டு, இவர் ஏதாவது தப்பு செய்துவிட்டாரா என்று பயந்தார். இது கல்யாண ஆபீஸ் அல்ல என்ற மாத்யூதான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

ஒரு வருஷம் கழித்துக் கொச்சிக்காரர் வந்தார், நாலாவது விமானம் பறந்தது. ஹரீஷ் வரவில்லை. நோட்டீஸ் முடிவதற்குள் அவருடைய பழைய கம்பெனியே அவரைப் பெரிய விமானத்துக்கு மாற்றிவிட்டது. பெட்ஷீட் செட்டை மட்டும் அந்த அம்மா கூரியரில் திருப்பி அனுப்பினார், துவைத்து மடித்து.

கவின் அங்கே கேப்டன் ஆனான் என்று குரூப்பில் செய்தி வந்தது. நாலு கோட்டோடு போட்டோ. எனக்கு யாரோ அனுப்பினார்கள், பார்த்து அழுதேன். சேர்மனுக்குக் காட்டவில்லை.

நான் ரிட்டயர் ஆன அன்று ஆபீசில் சால்வை போர்த்தினார்கள், தட்டு நிறையப் பழம் கொடுத்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு சூலூருக்குப் பஸ்ஸில் வரும்போதுதான் ஒன்று தோன்றியது. மில்லிலும் ஏர்லைனிலுமாக இத்தனை காலத்தில் என் வீட்டை யாரும் வந்து பார்த்ததில்லை. கவின் நம்ம பையன், நான் நம்ம அம்மணி.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் கார் நின்றது. கவின் இறங்கினான், கையில் பழத்தட்டு. அவன் கம்பெனி கோயமுத்தூரில் பேஸ் போடுகிறதாம், ஆள் எடுக்க ஆள் வேண்டுமாம். போனில் கேட்டிருக்கலாமே என்றேன்.

"ஊட்டுக்கு வந்து கேக்கறதுதானுங்க மொறை" என்றான்.

ஈசிசேரில் இருந்த என் கணவர் பேப்பரை இறக்காமலே, "ராஜி, தம்பிக்குத் தண்ணி" என்றார். நான் பாதி எழுந்துவிட்டேன். அப்போதுதான் கவின் கண்ணைப் பார்த்தேன். தண்ணீருக்கு யார் எழுகிறார்கள் என்பதைத்தான் அவனும் பார்த்துக்கொண்டிருந்தான். எப்போதும் எழுந்து போகிறவள் பெண்தான், சேர்மனின் பரீட்சையில் அவள் தோற்க வழியே இல்லை என்பது, இத்தனை வீடு ஏறி இறங்கிய எனக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது. நான் உட்கார்ந்துவிட்டேன். கணவர் பேப்பரை இறக்கினார்.

கவின் எழுந்தான். சமையலறை எங்கே என்று கேட்கவில்லை, அவனாகப் போய்ப் பானையில் மொண்டு, மூன்று டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தான். முதல் டம்ளரை என்னிடம் கொடுத்தான்.

ஆள் எடுக்கும் வேலைக்கு வருகிற இளையவர்களுக்கு எனக்குச் சொல்லத் தெரிந்தது இவ்வளவுதான். ஆளைத் தேடி எத்தனை தூரம் வேண்டுமானாலும் போங்கள், பழத்தட்டும் எடுத்துப்போங்கள். ஆனால் முதல் தட்டைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

எனக்கு நோட்டீஸ் பீரியட் எதுவும் இல்லை. திங்கட்கிழமையே போய்ச் சேர்ந்தேன்.